கல்யாண கேசட்டை டிஸ்க்கில் ஏற்றுவது எப்படி? குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் 1990களில் ஒரு கல்யாணம் நடந்திருந்தால் பரணிலோ பீரோ மேலோ ஒரு கல்யாண கேசட்டாவது கிடக்கும். யாராவது வளைகுடாவில் வேலை பார்த்திருந்தால் கூடவே வீடியோ கேசட் ஓட்டும் டெக் ஒன்று, ஒரு கைக்கேமரா, அதற்கான குட்டிக் கேசட்டுகள் என்று ஒரு பெட்டியே இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்தவுடன் எல்லாரும் செய்கிற முதல் காரியம், டெக்கை சொருகிக் கேசட்டைப் போட்டுப் பார்ப்பது. அதைத்தான் செய்யக்கூடாது.

இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த டேப் ஒரு தடவை நன்றாக ஓடலாம், இரண்டாவது தடவை ஓடாமல் போகலாம். அழுக்குப் பிடித்த டெக் முதல் தடவையிலேயே அதைச் சுருட்டி மென்றுவிடலாம். எனவே டெக், வயர், டிவிடி ரெக்கார்டர், காலி டிவிடி டிஸ்க் எல்லாம் சோதித்துத் தயாரான பிறகுதான் முக்கியமான கேசட் உள்ளே போகவேண்டும். அது ஓடும் முதல் ஓட்டமே பதிவாகவும் இருக்கவேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் இதை ஒட்டித்தான்.

அவசரமும் இருக்கிறது. டேப்பில் காந்தத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சும், மெல்ல மெல்லச் சிதையும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் ஊர் நம்முடையது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். டெக்கும் இனிப் புதிதாக வராது. உலகத்தில் கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் ஒவ்வொன்றும் மிச்சம் இருப்பதில் ஒன்று.

எப்போது செய்வது

தை பாதிக்கு மேல் பங்குனி வரைக்கும் நல்ல காலம். மழை ஓய்ந்து, காற்றில் ஈரம் குறைந்திருக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது இந்த வேலையில் வரக்கூடிய பெரிய தொல்லைகளில் ஒன்று. வேறு வழியில்லாமல் அந்த மாதங்களில்தான் செய்யவேண்டும் என்றால், கம்ப்யூட்டருக்கு வைக்கிற யுபிஎஸ் ஒன்றில் டெக்கையும் ரெக்கார்டரையும் சேர்த்து மாட்டிவிடுங்கள். இரண்டும் அதிகம் கரண்ட் இழுக்காது.

கையில் இருப்பது என்ன கேசட்

பெரிய கறுப்புக் கேசட், உள்ளே அரை அங்குல அகல டேப் என்றால் விஎச்எஸ். கல்யாண கேசட்டுகளில் பெரும்பாலானவை இதுதான். முதுகில் ‘இ-180’ என்றிருந்தால் 3 மணி நேரம் ஓடும், ‘இ-240’ என்றால் 4 மணி நேரம். 240இன் டேப் மெல்லியது, அறுவதும் சுருங்குவதும் அதில் சீக்கிரம் நடக்கும், அதனால் கூடுதல் கவனம் தேவை.

சிகரெட் பெட்டி அளவில், அதே அரை அங்குல டேப்போடு இருந்தால் அது விஎச்எஸ்-சி. இதற்கு ஒரு அடாப்டர் கூடு உண்டு. கேசட்டை அதற்குள் வைத்துச் சாதாரண டெக்கில் ஓட்டலாம். டேப் 8 மில்லிமீட்டர் அகலம் என்றால் வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 இவற்றில் ஒன்று. இவை எந்த விஎச்எஸ் டெக்கிலும் ஓடாது, அடாப்டரும் கிடையாது. எடுத்த கேமராவேதான் ஓட்டும் கருவி. இன்னும் சின்னதாக இருந்தால் மினிடிவி (MiniDV). டிஜிட்டல்8, மினிடிவி இரண்டிலும் பதிவு ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் இருக்கிறது. அவற்றைப் படத்துக்கான சாதாரண மஞ்சள் வயரில் இறக்காமல், கேமராவில் ‘DV’ என்று எழுதிய துளையிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக இறக்குங்கள். பல ரெக்கார்டர்களின் முன்பக்க மூடியைத் திறந்தால் அந்தத் துளை இருக்கும்.

அமெரிக்காவில் இருந்த உறவினர் அனுப்பிய கேசட் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். நம் நாட்டு டிவி முறை ‘பால்’ (PAL): 625 வரி, நொடிக்கு 25 படம். அங்கே என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். துபாய், குவைத் பக்கம் வாங்கிய பல டெக்குகள் இரண்டையும் டிவியில் காட்டும். ஆனால் டிவியில் தெரிவதற்காக அவை செய்யும் கலப்புச் சிக்னலைப் பல ரெக்கார்டர்கள் சரியாகப் பதிவதில்லை, படம் உருளும் அல்லது நிறம் போகும். டெக்கில் அசல் என்டிஎஸ்சியாகவே வெளியே அனுப்பும் அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்து, ரெக்கார்டரின் மெனுவிலும் என்டிஎஸ்சி என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த டிஸ்க்கில் பால் பதிவு எதையும் கலக்காதீர்கள்.

சம்பந்தி வீட்டிலும் கேளுங்கள்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கல்யாண கேசட் வழக்கமாக இரண்டு பிரதியாகத்தான் போட்டுக் கொடுப்பார்கள், பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. ஒரு வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக்காட்டித் தேய்ந்திருக்கும், இன்னொரு வீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் கிடக்கும். "அத்தான், உங்க வீட்டுல நம்ம கல்யாண கேசட் கெடக்குதா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்" என்று ஒரு போன் போட்டால் பாதி சிக்கல் தீரலாம். நம் கேசட்டில் பந்தி வரைக்கும் மட்டும் கெட்டுப்போயிருந்தால் அந்தப் பகுதியை அவர்கள் கேசட்டிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளலாம்.

கேசட்டை வெளியிலிருந்தே படிப்பது

நல்ல வெளிச்சத்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்து பாருங்கள். முதலில் கேசட்டின் முதுகில் இடது ஓரத்துச் சின்னப் பிளாஸ்டிக் காது. அது இருந்தால் உடைத்துவிடுங்கள். காது இல்லாத கேசட்டில் டெக் எதையும் பதியாது, ரெக்கார்ட் பட்டனைக் கைதவறி அழுத்தினாலும் கல்யாணத்தின் மேல் கிரிக்கெட் ஏறாது.

அடுத்து மேலே உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுற்றைப் பாருங்கள். நல்ல டேப் ஒரே சீரான கறுப்பாக, பளபளப்பான சமதளமாகத் தெரியும். அதில் மாவு தூவியது போல வெண்புள்ளிகளோ மெல்லிய நூல்களோ இருந்தால் பூசணம். சுற்று அங்கங்கே மேடு பள்ளமாக இருந்தால் டேப் தளர்ந்திருக்கிறது.

பூசணம் உள்ள கேசட்டை எக்காரணம் கொண்டும் நல்ல டெக்கில் போடாதீர்கள். தூள் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். இரண்டு வாரம் அதைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். அரிசி வேண்டாம், அதன் தவிட்டுத்தூள் இன்னொரு தொல்லை. வெயிலில் காயப்போடவே கூடாது, சூட்டில் டேப் நெளியும். காய்ந்த பிறகு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துக் கூட்டைப் பிரஷ்ஷால் துடைக்கலாம். பூசணம் டேப் சுற்றிலேயே ஏறியிருந்தால் அதைச் சுத்தம் செய்யத் தனிக் கருவி வைத்திருப்பவர்களிடம் கொடுப்பதுதான் சரி. சிலர் இதற்கென்றே ஒரு ஓட்டை டெக்கை ஒதுக்கி, டேப் ஓடும் பாதையில் நூல் பிரியாத துணியைப் பிடித்துச் சுற்றவிடுகிறார்கள். பொறுமையும் பழக்கமும் உள்ளவர்களுக்கு அது சரி, முதல்முறை செய்கிறவர் கல்யாண கேசட்டில் பழகவேண்டாம்.

2004 சுனாமியிலோ 2017 ஒக்கிப் புயலிலோ நனைந்த கேசட் என்றால் வீட்டில் தொடவே வேண்டாம். உப்பு காய்ந்து படிந்த டேப்பைச் சுற்றினால் அது தன்னைத்தானே சுரண்டிக்கொள்ளும். அந்த மாதிரிக் கேசட்டுகளை மீட்டுத் தருகிற ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. செலவு அதிகம், ஆனால் வேறு வழி இல்லை.

டேப் அறுந்திருந்தாலோ கூடு உடைந்திருந்தாலோ அது கைக்கு அடங்கும் வேலை. அதே அளவு பழைய கேசட் ஒன்றை, யாருக்கும் வேண்டாத படக் கேசட்டாகப் பார்த்து, எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டின் அடியில் 5 திருகாணி. கழற்றியபின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து மேல்மூடியை நேராகத் தூக்குங்கள். உடனே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், டேப் எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்பது பிறகு மறந்துபோகும். சின்ன ஸ்பிரிங்குகள் துள்ளி ஓடும், கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது நல்லது. இரண்டு சக்கரத்தையும் டேப்போடு எடுத்து நல்ல கூட்டுக்கு மாற்றினால் போதும். டேப்பின் கறுப்பு முகத்தில் விரல் படாமல் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அறுந்ததை ஒட்ட செல்லோடேப் உதவாது. அதன் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். இதற்கென்று விற்கும் ஸ்பிளைசிங் டேப்பைக் கேசட்டின் முகப்பில் தெரியாத உட்பக்கத்தில் ஒட்டவேண்டும், ஹெட் உரசுவது வெளிப்பக்கத்தை. அறுந்த இடம் நடுவில் என்றால் என் யோசனை வேறு: ஒட்டவே வேண்டாம், இரண்டு கூடுகளில் இரண்டு கேசட்டாக ஆக்கிவிடுங்கள். ஒட்டுப்போட்ட இடம், ஹெட்டைத் தாங்கி நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும் டிரம்மின் மேல் போகும்போது நூலளவு தூக்கி நின்றாலும் ஹெட் போய்விடும். ஹெட் போனால் கேசட் இருந்தும் பயனில்லை.

டெக்தான் முக்கியம்

பணம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்பவர்கள் ரெக்கார்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். படத்தின் தரத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது டெக். டெக் எடுத்துக் கொடுக்காததை எந்த ரெக்கார்டரும் கண்டுபிடித்துப் பதியாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய டிவி, ரேடியோ மெக்கானிக்குகளிடமும் முன்பு வீடியோ வாடகைக் கடை வைத்திருந்தவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த டெக் என்றால் பின்பக்கச் சீட்டில் வோல்டேஜைப் படியுங்கள். 100 அல்லது 120 என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் புகைதான் வரும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

டெக் கிடைத்ததும் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டம், முன்சுற்று, பின்சுற்று, வெளித்தள்ளல் நான்கையும் பாருங்கள். வெளியே வரும் கேசட்டின் மூடியைத் தூக்கி டேப் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடங்கினால் உள்ளே ரப்பர் உருளை கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அது மெக்கானிக் வேலை.

ஹெட் சுத்தம் செய்வதை மட்டும் நீங்களே கற்றுக்கொள்ளலாம். பிளக்கைப் பிடுங்கி மேல்மூடியைக் கழற்றினால் நடுவில் கொஞ்சம் சாய்ந்து நிற்கும் பளபளப்பான உலோக உருளை தெரியும், அதுதான் டிரம். அதன் பக்கவாட்டில் கடுகுக்கும் சின்னதாக, இடுக்கில் பொதிந்தாற்போல இருப்பவை ஹெட்டுகள். பஞ்சுக்குச்சியைக் கொண்டுபோகாதீர்கள், அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொண்டு அதையே பெயர்த்துவிடும். மெல்லிய ஷாமி தோல் துண்டு அல்லது நூல் பிரியாத துணியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து, டிரம்மின் பக்கத்தில் அசையாமல் வைத்துப் பிடியுங்கள். இன்னொரு கையால் டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். துணி அசையக்கூடாது, டிரம்தான் சுழலவேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் அந்த இடத்திலேயே ஒடியும். துணியில் பழுப்புக் கோடு விழும், இடம் மாற்றி மாற்றிக் கோடு விழாமல் போகும் வரை செய்யுங்கள். டேப் உரசிப்போகும் தூண்களையும் ஒலி ஹெட்டையும் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், தடையில்லை. அரைமணி நேரம் ஆறவிட்டு மூடுங்கள்.

ரெக்கார்டரும் டிஸ்க்கும்

கம்ப்யூட்டரில் சொருகும் யூஎஸ்பி கருவி மலிவாகக் கிடைக்கும்போது ரெக்கார்டர் எதற்கு என்று கேட்கலாம். மலிவான கருவிகளில் பழைய டேப்பின் சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் படம் விட்டுப்போகும், போகப்போகச் சத்தமும் வாயசைவும் பிரிந்துவிடும். ரெக்கார்டரில் இந்தத் தொல்லை குறைவு, டிரைவர், சாஃப்ட்வேர் என்று அலையவும் வேண்டாம். வீட்டில் வயதானவர்கூட இரண்டு பட்டனில் ஓட்டிவிடுவார்.

வாங்கும்போது ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல் கிடைத்தால் அதைப் பிடியுங்கள். முதலில் உள்ளே பதிந்து, வெட்டி ஒழுங்குபடுத்தி, பிறகு டிஸ்க்கில் எழுதலாம். டெக்கும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவும் வசதிதான், ஆனால் அதில் டெக் பழுதானால் எல்லாம் நின்றுபோகும். பழைய ரெக்கார்டரில் முதலில் சோர்ந்துபோவது எழுதும் லேசர். அதனால் வாங்கும் இடத்திலேயே டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றில் 10 நிமிடம் பதிந்து ஓட்டிப் பாருங்கள். அழித்து எழுதக்கூடிய டிஸ்க் என்பதால் வீணாகாது. நிரந்தரப் பிரதிக்கு டிவிடி-ஆர் வாங்குங்கள். மைனஸா பிளஸ்ஸா எது ஏற்கும் என்று ரெக்கார்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்.

ஒரு டிஸ்க்கில் 4.7 ஜிபி. அதில் எவ்வளவு நேரம் பதியலாம் என்பது ரெக்கார்டரில் தேர்ந்தெடுக்கும் பதிவு மோடைப் பொறுத்தது: எக்ஸ்பி என்றால் 1 மணி நேரம், எஸ்பி 2 மணி, எல்பி 4 மணி, இபி 6 மணி. விஎச்எஸ்ஸுக்கு எக்ஸ்பி அவசியமில்லை. இபி கண்டிப்பாக வேண்டாம், ஆள் அசைந்தாலே முகம் கட்டம் கட்டமாக உடையும். 3 மணி நேரக் கல்யாணத்தை எஸ்பியில் இரண்டு டிஸ்க்கில் பிரிப்பதுதான் என் வழக்கம். தாலி கட்டுவது முதல் டிஸ்க்கில் முழுசாக வரும்படி பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று கேசட்டை ஒரே டிஸ்க்கில் திணித்து "இதுதான் தரம்" என்று கையில் கொடுக்கும் கடைகளும் உண்டு. வெளியே கொடுப்பவர்கள் எந்த மோடில் பதிகிறீர்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடவேண்டும்.

வயர் மாட்டுதல்

டெக்கின் பின்னால் ‘அவுட்’ என்ற துளைகளிலிருந்து ரெக்கார்டரின் ‘இன்’ துளைகளுக்கு: மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். ரெக்கார்டரின் ‘அவுட்’டிலிருந்து டிவிக்கு. ஆன்டெனா வயரில் இணைத்தால் படம் ஒரு தடவை அலைவரிசையாக மாறித் திரும்பி வரும், தரம் குறையும். டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதை மாட்டுங்கள். ஒரே ஒரு சத்தத் துளை உள்ள பழைய மோனோ டெக் என்றால், ஒன்று இரண்டாகப் பிரியும் ஒய்-வயர் போட்டு இரண்டு பக்கமும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு காதில்தான் நாதஸ்வரம் கேட்கும்.

கைக்கேமராவில் மாட்டும் ஒற்றைப் பின் வயருக்கு ஒரு எச்சரிக்கை. பார்க்க ஒரேமாதிரி இருந்தாலும் உள்ளிணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மஞ்சளில் படத்துக்குப் பதில் இரைச்சல் வந்தால் மூன்று நிறத்தையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள்.

பதிவுக்கு முன் மாற்றவேண்டியவை

டெக்கின் மெனுவில் ‘ப்ளூ பேக்’ என்றிருந்தால் அணைத்துவிடுங்கள். சிக்னல் கொஞ்சம் பலவீனமானாலும் டெக் நீலத்திரை போட்டுவிடும், அந்த நீலம்தான் பதிவாகும். கவுன்டர் எண் திரையில் தெரிவதையும் அணைக்கவேண்டும். ‘எடிட்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், நகலெடுப்பதற்கென்றே உள்ள அமைப்பு அது.

ரெக்கார்டரில் இன்புட்டை எல்1 அல்லது எல்2 என்று வயர் மாட்டிய இடத்துக்கு மாற்றுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் பல வீடுகளில் கோளாறு இதுதான், ரெக்கார்டர் டிவி சேனலில் நின்றுகொண்டிருக்கும். பட அளவு 4:3. அகலத்திரை டிவி இருக்கிறதே என்று 16:9 வைத்தால் மாப்பிள்ளை குண்டாகத்தான் தெரிவார்.

ஓட்டம்

1. வேண்டாத கேசட்டில் 5 நிமிடம் பதிந்து, அந்த டிஸ்க்கை வேறொரு பிளேயரில் போட்டுப் படமும் சத்தமும் சரியா என்று பாருங்கள்.
2. முக்கியமான கேசட்டை முந்தின நாள் இரவே டெக் இருக்கும் அறைக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஏசி அறைக்கும் வெளியறைக்கும் மாற்றினால் டேப்பில் பனி படியும், ஈரமான டேப் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்.
3. டேப் சுற்று சீராகத் தெரிந்தால் மட்டும் ஒருமுறை கடைசிவரை முன்சுற்றி, பிறகு முதலுக்குப் பின்சுற்றுங்கள். வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்த சுற்று தளர்ந்து சமமாகும். சுற்றும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.
4. ரெக்கார்டரில் பதிவை முதலில் தொடங்கி, 5 நொடி கழித்து டெக்கை ஓடவிடுங்கள். முன்னால் உள்ள வெற்றிடத்தைப் பிறகு வெட்டலாம், விட்டுப்போன முதல் காட்சியைத் திரும்ப வாங்க இன்னொரு ஓட்டம் வேண்டும்.
5. முதல் சில நிமிடம் டிராக்கிங்கை, அதாவது டேப்பில் உள்ள தடத்தை ஹெட் விலகாமல் பின்பற்ற வைக்கும் அமைப்பை, சரிசெய்யுங்கள். தானியங்கி டிராக்கிங் தடுமாறினால் கையால் மாற்றுங்கள்.
6. கேசட் முடியும்வரை நிறுத்தாதீர்கள். நடுவில் வெறும் புள்ளி ஓடினாலும் விட்டுவிடுங்கள், அதற்குப் பின்னால் யாரோ ஒரு பிறந்தநாள் இருக்கலாம்.

மூன்று மணிநேரக் கேசட்டுக்கு மூன்று மணிநேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும். வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்தால் அடுத்த வேலைக்கும் உதவும். முந்தின நாள் காய்கறி வெட்டில் கத்தியோடு உட்கார்ந்திருப்பவர் யார், பந்தியில் எரிசேரி விளம்புகிறவர் எந்த வீட்டுக்காரர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண கேசட்டில் பெரும்பாலும் அசல் பேச்சு கேட்காது. ஸ்டுடியோக்காரர் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு, மணப்பெண் முகத்தை ரோஜாப்பூவுக்குள் வைத்திருப்பார். அதை நீக்க வழியில்லை, அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவைப்பது டிஸ்க் போடுவதைவிடப் பெரிய வேலை என்பது என் எண்ணம்.

படம் சரியில்லை என்றால்

திரையின் அடியில் விரலளவு பட்டை மட்டும் நடுங்கினால் அது கோளாறு அல்ல. விஎச்எஸ் எல்லாவற்றிலும் உண்டு, பழைய டிவியின் சட்டம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. குறுக்கே வெள்ளைக் கோடு ஓடினால் டிராக்கிங். படம் முழுவதும் புள்ளியாகி மறைந்தால் ஹெட்டில் அழுக்கு. பதிவை நிறுத்தி, கேசட்டை எடுத்து, மேலே சொன்னபடி துடைத்துவிட்டுத் தொடருங்கள். நிறம் இல்லாமல் கறுப்பு வெள்ளையாக வந்தால் ‘பால்’, என்டிஎஸ்சி மாறிக் கிடக்கலாம். சத்தம் கரகரத்தால் டெக்கில் ஹை-ஃபை ஒலியிலிருந்து ‘நார்மல்’ ஒலிக்கு மாற்றிப் பாருங்கள்.

சில கேசட்டுக்கு ரெக்கார்டர் "நகலெடுக்க அனுமதி இல்லை" என்று நின்றுவிடும். கடையில் வாங்கிய படக் கேசட் என்றால் அது நகல்தடுப்பு, அதோடு விட்டுவிடுங்கள், பதிப்புரிமை உள்ளது. உங்கள் வீட்டுக் கேசட்டுக்கே அப்படி வந்தால், தேய்ந்த டேப்பின் தடுமாறும் சிக்னலை ரெக்கார்டர் நகல்தடுப்பு என்று நினைத்துக்கொள்கிறது. வேறொரு டெக்கில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் நடுவில் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி வைத்தால் சிக்னல் ஒழுங்காகும். வாடகைக்குக் கிடைத்தால் போதும், இதற்காக விலைக்கு வாங்கவேண்டாம்.

ஃபைனலைஸ்

டிவிடி-ஆரில் பதிந்ததும் அது அந்த ரெக்கார்டரில் மட்டும்தான் ஓடும். மற்ற பிளேயரிலும் கம்ப்யூட்டரிலும் ஓடவேண்டும் என்றால் மெனுவில் ‘ஃபைனலைஸ்’ கொடுக்கவேண்டும். சில நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் டிஸ்க் பெரும்பாலும் போச்சு, யுபிஎஸ் சொன்னது இதற்காகத்தான். தலைப்பு, அத்தியாயம் எல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு மாற்ற முடியாது. கேசட்டை ஒதுக்கி வைப்பதற்கு முன் டிஸ்க்கை வேறு பிளேயரில் தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

தலைப்பில் தேதி போட, கேமரா மூலையில் காட்டும் தேதியை அப்படியே நம்பாதீர்கள். கடிகார பேட்டரி தீர்ந்த கேமரா ஏதோ ஒரு தேதியைக் காட்டிக்கொண்டிருக்கும். பின்னணியைப் பாருங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் எடுத்ததில் விவேகானந்தர் பாறைக்குப் பக்கத்தில் வள்ளுவர் சிலை முழுதாக நின்றால் அது 2000 ஜனவரி 1க்கு ஒட்டியோ பிறகோ எடுத்தது, அன்றுதான் சிலை திறக்கப்பட்டது. வண்டியில் ‘டிஎன் 74’ என்றிருந்தால் 1989க்குப் பிறகு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டம் என்றால் நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரம். சுசீந்திரம் தேர் என்றால் பெரும்பாலும் மார்கழி. வருடம் தெரியாவிட்டாலும் மாதமாவது கிடைக்கும்.

டிஸ்க்கில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். ஆல்கஹால் இல்லாத மார்க்கரால், நடுவளையத்தில் எழுதினால் போதும்.

டிஸ்க்கோடு நிற்கவேண்டாம்

எழுதும் டிஸ்க்கில் இருப்பது சாயம். வெளிச்சமும் சூடும் ஈரமும் அதையும் கெடுக்கும். அதுவும் நம்மூர் ஓதத்தில். இப்போது வாங்கும் லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே இல்லை என்பது வேறு. எனவே ஃபைனலைஸ் ஆன டிஸ்க்கை வெளி டிரைவ் ஒன்றில் போட்டு, ‘வீடியோ டிஎஸ்’ (VIDEO_TS) என்ற ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விஎல்சி பிளேயர் அதை அப்படியே ஓட்டும். துண்டு துண்டாக இருக்கும் ஃபைல்களை ஒன்றாக்க மேக்எம்கேவி உதவும், தரம் குறையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சின்ன எம்பி4 வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக்கில் ‘டீஇன்டர்லேஸ்’ போட்டு மாற்றுங்கள், கை அசையும்போது தெரியும் சீப்புப் பல் கோடுகள் போய்விடும். மூல ஃபோல்டரை மட்டும் அழிக்காதீர்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள பிள்ளையிடமோ தம்பியிடமோ இருக்கட்டும்.

கேசட்டையும் எறியாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல டெக் ஒன்று கையில் கிடைக்கலாம். முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம் போல நிற்கவைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில், ஸ்பீக்கர், இன்வெர்ட்டர் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றவேண்டும். வேலை முடிந்த டெக்கைப் பரணில் ஏற்றாமல், கேசட்டோடு காத்திருக்கும் அடுத்த சொந்தக்காரர் வீட்டுக்கு ஆனி பிறக்கும் முன் கொடுத்துவிடுங்கள். கூடவே அந்த ஷாமி தோலையும்.